பெய்ததைவிட அதிகமாக ஓடிய ஓடை

போன மாதம் எங்கள் பழைய ஆபீசிலிருந்து இரண்டு இளம் பொறியாளர்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கருவேப்பிலங்குறிச்சி போகிற வழியில் இருக்கும் ஓடையில் தானியங்கிக் கருவி வைத்துவிட்டார்களாம். தண்ணீர் ஏறுவதையும் இறங்குவதையும் அதுவே அளந்து அதுவே ஆபீசுக்கு அனுப்பிவிடுமாம். நல்லது, சந்தோஷம் என்றேன். காபி குடித்துவிட்டுக் கிளம்புகிற நேரத்தில் அதில் ஒரு பெண், "அந்தக் காலத்துல ஒரு ஆள் எழுதிக் குடுத்த நம்பரை எப்படி சார் நம்புனீங்க? வீட்ல உக்காந்தே எழுதியிருந்தா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறவர்களுக்குச் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது அறுபதுகளின் நடுவில், விருத்தாசலத்தில் இருந்த நீரளவைப் பிரிவில், கள உதவியாளராக. மூன்று மாதப் பயிற்சி என்று பெயர். அதில் இரண்டு மாதம் ஃபைல் தைத்தேன், ஒரு மாதம் ஜீப் தள்ளினேன். பிறகுதான் வேலை என்னவென்றே புரிந்தது. வானத்திலிருந்து விழுந்த தண்ணீர் எங்கே போனது என்று துப்புத் துலக்க வேண்டும். விழுந்ததில் எவ்வளவு நிலத்தின் மேலேயே ஓடியது, எவ்வளவு மண்ணுக்குள் இறங்கியது, இறங்கியதில் எவ்வளவு நாலு நாள் கழித்து மெல்லக் கசிந்து ஓடைக்கு வந்தது, எல்லாவற்றையும் அளந்து எழுத வேண்டும். மழை பெய்தால் ஓடையில் தண்ணீர் வரப்போகிறது, இதற்கு ஒரு ஆபீஸ் வேறா என்று என் அம்மா கேட்டார். சம்பளம் வந்த பிறகு கேட்கவில்லை.

எங்கள் உதவிப் பொறியாளர் சபாபதி சார். ஒல்லியான மனிதர், சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. மழை வந்தால் உலகமே உள்ளே ஓடும், அவர் வெளியே ஓடுவார். குடை வைத்திருப்பார், ஆனால் அது அவருக்கு இல்லை. குறிப்பேட்டின் மேல் குடையைப் பிடித்துக்கொண்டு அவர் தொப்பலாக நனைவார். என்னையும் நனைய வைப்பார். முந்திரித் தோப்பில் செம்மண் மேட்டில் என்னைக் குப்புறப் படுக்கச் சொல்லி, கன்னத்தைத் தரையோடு வைத்து, தண்ணீர் எப்போது மண்ணுக்குள் இறங்குவதை நிறுத்தி மேலே ஓட ஆரம்பிக்கிறது என்று பார்க்கச் சொன்னார். தோப்புக்காரர், ஆள் மயங்கி விழுந்துவிட்டான் என்று சோடா வாங்கிக்கொண்டு ஓடி வந்தார்.

எது சொன்னாலும் சார் ஒரே கேள்விதான் கேட்பார்: "பார்த்ததா, கேட்டதா, நினைச்சதா?" பார்த்ததை மட்டும்தான் குறிப்பேட்டில் எழுத வேண்டும். கேட்டதை ஓரத்தில் பென்சிலால் எழுதலாம். நினைத்ததை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். இந்த ஒரு கேள்விக்காகவே அவர் ஜீப் சத்தம் கேட்டால் குறிப்பேட்டை இன்னொரு தரம் புரட்டிப் பார்ப்பேன்.

மண்ணைச் சோதிக்கிற வேலை எனக்குப் பிடிக்கும். இரண்டு இரும்பு வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்று. தரையில் வைத்து, மேலே பலகை போட்டுச் சம்மட்டியால் ஒரு சாண் ஆழம் இறக்க வேண்டும். இரண்டிலும் தண்ணீர் ஊற்றி, உள்வளையத்தில் எவ்வளவு சீக்கிரம் வடிகிறது என்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். வெளிவளையத்துத் தண்ணீர் எதற்கென்றால், உள்ளே ஊற்றியது பக்கவாட்டில் நழுவாமல் நேரே கீழே போக. செம்மண் மேட்டில் குடம் குடமாகக் குடிக்கும். கீழே ஓடையோரக் கரிசலில் கதையே வேறு. கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும், முதல் மழை முழுக்க அந்த வெடிப்புக்குள் போய்விடும். ஐப்பசி அடைமழையில் அதே மண் ஊறி உப்பி வெடிப்பை மூடிக்கொள்ளும். அப்புறம் ஒரு சொட்டு இறங்காது, பெய்ததெல்லாம் அப்படியே ஓடைக்குத்தான்.

ஓடையை அளந்தவர் கொளஞ்சி. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு கொளஞ்சி உண்டு, மணவாளநல்லூர்க் கோயில் சாமி கொளஞ்சியப்பர் பேர். எங்கள் கொளஞ்சிக்கு என்னைவிடப் பத்து வயது கூட, அதனால் கொளஞ்சிண்ணே என்பேன். ஓடைக்குப் பக்கத்திலேயே வீடும் அரைக்காணி நிலமும். தற்காலிக வேலைதான், ஒரு கடிதத்தில் நிறுத்திவிடலாம். காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் ஓடையில் நட்டிருக்கும் அளவுத்தூணில் தண்ணீர் எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். வெள்ளம் வந்தால் மணிக்கு ஒரு தரம். அவருக்கு எண்கள் எழுதத் தெரியும், தன் பேரை எழுதத் தெரியும். மற்ற எழுத்தெல்லாம் கூட்டிக் கூட்டித்தான் படிப்பார். ஆனால் அந்த எண்கள், அடடா, அச்சில் வார்த்த மாதிரி இருக்கும்.

எங்களுக்கெல்லாம் சார் வளையம் வைத்துச் சொல்லிக்கொடுத்ததைக் கொளஞ்சி கண்ணாலேயே கண்டுபிடித்து வைத்திருந்தார். கலங்கலாக, வேகமாக வருவது கரிசல் தண்ணீர், அன்றைக்கே வந்து அன்றைக்கே போய்விடும். தெளிவாக, சில்லென்று, மூன்றாம் நாள் கரையோரத்திலிருந்து சுரந்து வருவது முந்திரித் தோப்புத் தண்ணீர். கையை விட்டுப் பார்த்தே எது எதுவென்று சொல்வார். சார் அதைச் சோதித்துப் பார்த்துவிட்டுப் பென்சிலை வைத்துவிட்டு மையால் எழுதினார்.

இப்போது என் திருவிளையாடலுக்கு வருகிறேன். நாடு முழுக்க அடி, அங்குலம் போய் மீட்டர், சென்டிமீட்டர் வந்த காலம் அது. அடிக்கணக்குப் போட்ட பழைய தகட்டைக் கழற்றிவிட்டுப் புதிய தகடு பொருத்தச் சொல்லி உத்தரவு வந்தது. தகடுதான் வரவில்லை. மூன்று கடிதம் எழுதியும் வரவில்லை. எனக்கு ஒரு யோசனை உதித்தது. விருத்தாசலம் பீங்கான் ஊர். என் அக்கா வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், ஒரு பீங்கான் பட்டறையில் இருந்தார். வெள்ளை ஓட்டில் கறுப்பு எண் போட்டுச் சூளையில் சுட்டு வாங்கினால் துரு ஏறாது, பாசி பிடிக்காது, நூறு வருஷம் நிற்கும். சாரிடம் சொன்னேன். அவரே அசந்துபோய்க் கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு ஓடும் பத்து சென்டிமீட்டர் உயரம், உள்ளே கோடுகள், மொத்தம் பதினைந்து ஓடு. நானே படம் வரைந்து மாமாவிடம் கொடுத்தேன். தூணில் பதித்து முடித்த அன்று ஓடை எனக்கு மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றது.

அடுத்த இரண்டு வருஷமும் மழை சுமார்தான். மூன்றாம் வருஷ ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டது. ஒரு வாரம் அடித்த மழையில் ஓடைக்குத் தண்ணீர் கொடுக்கிற நிலப்பரப்பு முழுக்க எவ்வளவு விழுந்தது என்று கணக்குப் போட்டோம். ஓடையில் எவ்வளவு போனது என்றும் போட்டோம். போனது அதிகமாக இருந்தது. பெய்ததைவிட ஓடியது அதிகம். நான் மூன்று தரம் கூட்டினேன். சார் இரண்டு தரம் கூட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாலில் தண்ணீர் கலந்தால் கூடும், மழையில் யார் என்ன கலக்க முடியும்?

மேலிடத்துக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. படித்த பொறியாளர்கள் தப்புப் போட மாட்டார்கள், மழைமானி தப்புப் போடாது, ஆக ஓடைக்காரன்தான் மழைக்குப் பயந்து வீட்டில் உட்கார்ந்து வாய்க்கு வந்த எண்ணை எழுதியிருக்கிறான். ஒரு மாதத்துக்குள் விளக்கம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வேலையிலிருந்து நிறுத்தப்படுவார் என்று ஒரு மெமோ வந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்து, படித்தும் காட்ட வேண்டியது என் பொறுப்பு. எனக்கும் உள்ளுக்குள் ஒரு சந்தேகம் இருந்தது என்பதை இப்போது ஒளிக்கப் போவதில்லை. அந்த மழையில் ராப்பகலாக மணிக்கு ஒரு தரம் யார் போவார்கள் என்று நானும் நினைத்தேன்.

கொளஞ்சி களத்தில் நின்றுகொண்டு முழுக்கக் கேட்டார். பிறகு உள்ளே போய் ஒரு வெள்ளைத்தாள் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, சொல்கிறேன், எழுதுங்கள் என்றார். ஆபீசுக்கு விளக்கம் சொல்லப்போகிறார் என்று பேனாவைத் திறந்தேன்.

"கொளஞ்சியப்பரு சமூகத்துக்கு," என்று ஆரம்பித்தார்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். மணவாளநல்லூர்க் கோயிலில் சாமியிடம் பிராது கொடுக்கிற வழக்கம் உண்டு. களவு போனது, ஏமாற்றப்பட்டது, எதுவானாலும் பேர், ஊர், குறை எல்லாம் தாளில் எழுதிக் கொடுத்தால், சாமி முன்னால் வைத்துவிட்டு முனியப்பர் சந்நிதியில் இருக்கும் வேலில் கட்டிவிடுவார்கள். குறை தீர்ந்ததும் போய் ராஜினாமா எழுதிக் கொடுத்துப் பிராதைத் திரும்பப் பெற வேண்டும். கோர்ட்டில் உள்ள அத்தனை முறையும் அங்கே உண்டு, வாய்தா மட்டும் கிடையாது.

"என் அளவு பொய்யின்னு ஆக்குனவன் யாருன்னு எனக்குத் தெரியல. எங்க அம்மா செத்த அன்னிக்கும் மூணு வேள போயிப் படிச்சேன். பேரு தெரியாத அந்த எதிரிய நீயே கண்டுபுடிச்சிக் குடு. இம்புட்டுதான் சார், எழுதிட்டீங்களா?"

எழுதிவிட்டேன். என் அழகான கையெழுத்தில், "பெயர் தெரியாத எதிரி" என்று அடிக்கோடு வேறு போட்டேன். ஆபீசுக்கு என்ன பதில் என்று கேட்டதற்கு, அதையும் சாமியே பார்த்துக்கொள்வார் என்று தாளை மடித்துக்கொண்டு மணவாளநல்லூருக்கு நடந்துவிட்டார்.

அதே வாரம் மறுபடி மழை பிடித்தது. சார் என்னை இழுத்துக்கொண்டு ஓடைக்குப் போனார். கொளஞ்சியிடம் சொல்லவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் கோணிப்பையை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு தூணுக்கு எதிரே நின்றிருந்தார். அன்று முழுக்க மணிக்கு ஒரு தரம் மூன்று பேரும் தனித்தனியாகப் பார்த்துத் தனித்தனியாக எழுதினோம். சாயங்காலம் மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே எண்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. சார் கொளஞ்சியின் தாளை மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஆள் பொய் சொல்லவில்லை. அப்படியானால் உபரித் தண்ணீர் எங்கிருந்து வந்தது? சாருக்கு ஒரு எண்ணம் பிறந்தது. மேட்டுச் செம்மண்ணுக்கு அடியில் வெள்ளைக் களிமண் படுகை இருக்கிறது, பீங்கானுக்குத் தோண்டுகிறார்களே, அதே களிமண். மேட்டுக்கு அந்தப் பக்கம் பெய்த மழையும் செம்மண்ணில் இறங்கி, களிமண்ணில் முட்டி, அதற்குமேல் போக வழியில்லாமல் அந்தப் படுகை மேலேயே சறுக்கி இந்த ஓடைக்கு வந்துவிடுகிறது என்றார். கேட்கவே அற்புதமாக இருந்தது. மூன்று வாரம் குழி வெட்டினோம். வெட்டின இடமெல்லாம் களிமண்ணும் இருந்தது, அதன்மேல் ஈரமும் இருந்தது. சார் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து பன்னிரண்டு பக்கம் எழுதினார். பார்த்ததா, கேட்டதா, நினைச்சதா என்று அவரிடம் திருப்பிக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. மேலிடம் அந்தப் பன்னிரண்டு பக்கத்துக்கு ஒரே வரியில் பதில் போட்டது: மாதக் கடைசியோடு ஓடைக்காரரை நிறுத்திவிட்டு வேறு ஆள் போடவும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பாடு. மாமா பட்டறைக் கதை ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார். புதிதாக வந்த ஒரு பையன் கை கழுவுகிற தொட்டிக்கு வார்ப்பு செய்தபோது சுருக்கம் சேர்க்காமல் விட்டுவிட்டானாம், தொட்டி சின்னதாக வந்து குழாய் பொருந்தவில்லையாம். சுருக்கம் என்றால் என்ன மாமா என்று சும்மா கேட்டுவைத்தேன்.

"என்ன மாப்ள இப்படிக் கேக்குற? ஈர மண்ணுல பத்து இருந்தா, காஞ்சி சூளைய உட்டு வர்றப்ப ஒம்பதாத்தான் வரும். அதான் எங்களுக்குப் படம் தர்றப்பவே பெருசாக்கித் தருவாங்க. நாங்க படத்துல இருக்குறத அப்படியே மண்ணுல எறக்கிடுவோம். நீயுங்கூடப் பெருசாக்கித்தான குடுத்த?"

நான் பெரிதாக்கிக் கொடுக்கவில்லை. அவர் மேல் தப்பே இல்லை. அவர் பட்டறையில் படம் என்றால் சுருக்கம் சேர்த்த படம். என் ஆபீசில் படம் என்றால் அசல் அளவு. இரண்டு பேரும் அவரவர் தொழிலை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறோம். ரசம் வேண்டாம் என்று எழுந்தேன், அக்கா முகம் சுருங்கியது. இரும்பு ஸ்கேலைப் பையில் போட்டுக்கொண்டு ஓடைக்குச் சைக்கிளை மிதித்தேன்.

கொளஞ்சி வயலில் இருந்தார், என்னைப் பார்க்கவில்லை. தண்ணீர் முழங்காலுக்குக் கீழே வடிந்திருந்தது. முதல் ஓட்டின் மேல் ஸ்கேலை வைத்தேன். ஒன்பது சென்டிமீட்டர். இரண்டாவது ஒன்பதுக்குக் கொஞ்சம் மேல். மூன்றாவது ஒன்பது. ஆக, தண்ணீர் ஐம்பத்து நாலில் நிற்கும்போது தூண் அறுபது என்று சொல்லியிருக்கிறது. கொளஞ்சி அறுபது என்று பார்த்தார், அறுபது என்று எழுதினார். உயரத்தில் இந்த வித்தியாசம் என்றால், ஓடின தண்ணீரின் கணக்கில் அது இன்னும் ஊதிப் பெருத்துவிடும். மழை குறைந்த வருஷங்களில் ஓடினதே கொஞ்சம் என்பதால் யார் கண்ணிலும் படவில்லை. ஓடு பதித்த அன்று கொத்தனார், தூணின் உச்சியில் முக்கால் சாண் மிச்சம் இருக்கிறதே என்று கேட்டதும், பஸ்ஸுக்கு நேரமாகிறது, சிமெண்ட் பூசி விடுங்கள் என்று நான் சொன்னதும் அந்தத் தண்ணீரில் நின்றபோதுதான் நினைவுக்கு வந்தது. அளப்பதே பிழைப்பு, அளக்கிற கோலை அளந்து பார்க்கத் தோன்றவில்லை. என்னைச் செருப்பால் அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. காய்ச்சல் என்று லீவு போட்டேன். நிஜத்தில் பயம். எனக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். வேலை போய்விட்டால் பெண்ணும் போய்விடும். சத்தமில்லாமல் வேறு ஓடு சுட்டு மாற்றிவிட்டால் அடுத்த வருஷக் கணக்கு சரியாகிவிடும், புது ஆள் வந்த பிறகு சரியாகிவிட்டது என்று மேலிடமும் மகிழ்ந்துபோகும். கொளஞ்சி மட்டும் பொய்க்கணக்கு எழுதினவராக ஊரில் திரிய வேண்டும். அவர் எங்கே போனாலும் அதைச் சொல்லிக் காட்ட ஊரில் நாலு பேர் இருப்பார்கள். மூன்றாம் நாள் காலையில் எழுந்து பல்லைக்கூட விளக்காமல் சார் வீட்டுக்குப் போனேன்.

சொல்லி முடித்தேன். சார் வழக்கம்போல் கேட்டார்.

"பார்த்ததா?"

"பார்த்தது சார். ஸ்கேல் வச்சுப் பார்த்தேன்."

மேசையில் இருந்த அந்தப் பன்னிரண்டு பக்கத்தை எடுத்துப் புரட்டினார். "நல்லா எழுதியிருந்தேன்யா," என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பிறகு ஓட்டுக்கு ஒப்புதல் கொடுத்த ஃபைலை வரவழைத்து, அதில் இருந்த தன் கையெழுத்தைக் காட்டி, யோசனை உன்னுடையது, சோதிக்க வேண்டியது நான் என்றார். மேலிடத்துக்குக் கடிதம் அவரே எழுதினார். தவறு அளவுத்தூணில், அதற்கு நான் பொறுப்பு, ஓடைக்காரர் எழுதிய எண்கள் அனைத்தும் உள்ளபடி பார்த்து எழுதியவை என்று. எங்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு மெமோ வந்தது, கொளஞ்சியை நிறுத்தச் சொன்ன உத்தரவு ரத்தானது. அந்தப் பன்னிரண்டு பக்கத்தையும் சார் கிழிக்கவில்லை, ஆனால் பிறகு யாரிடமும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

அடுத்து, மூன்று வருஷப் பதிவேடுகளையும் திருத்த வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கணக்கில் குறைத்துவிடலாம் என்று நினைத்தேன். சார் விடவில்லை. சூளையில் சூடு படுகிற இடத்தைப் பொறுத்து ஓட்டுக்கு ஓடு சுருக்கம் மாறும் என்று மாமாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, பதினைந்து ஓட்டையும் தனித்தனியாக அளந்து பட்டியல் போடச் சொன்னார். அதைப் பார்த்து ஒவ்வொரு வரியாகத் திருத்தி என் கையெழுத்தைப் போட வேண்டும். தண்டனை என்று அவர் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்தது.

பதிவேடுகளை எடுத்துவரக் கொளஞ்சி வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்து, சுருக்கம், படம், சூளை என்று என்னென்னவோ உளறினேன். அவர் அவசரப்படாமல் கேட்டார்.

"அப்ப நான் எழுதுனது அம்புட்டும் தப்பா சார்?"

"நீங்க எழுதுனது சரிண்ணே. நான் நட்டதுதான் தப்பு. அந்தத் தப்பு என்னுதுண்ணே."

சிவப்பு மையால் கோடு போட்டுத் திருத்தப்போகிறேன் என்றதும் அவர் பதிவேட்டின் மேல் கையை வைத்துக்கொண்டார். வேலை போகும் என்றபோதுகூட அவர் முகம் அப்படி மாறி நான் பார்க்கவில்லை. தன் எண்களை அடிக்கக் கூடாது, பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார். சாரிடம் கேட்டு அப்படியே செய்தேன். அவர் எண்களுக்குப் பக்கத்தில் என் எண்கள் வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒன்றுதான், அத்தனை கோணல். முடிக்க நாலு மாதம் ஆனது. கொளஞ்சி அந்த நாலு மாதமும் மூன்று வேளையும் ஓடைக்குப் போனார், அதற்கப்புறம் பல வருஷமும் போனார்.

திருத்தம் முடிந்து பதிவேடுகளைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்று, மணவாளநல்லூருக்குப் போய்ப் பிராதைத் திரும்பப் பெற வேண்டும், கூட வாருங்கள் என்றார். சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். என் கையாலேயே என்மேல் எழுதிக் கட்டின பிராது அது. கோயில் வாசலில் மரத்தடியில் உட்கார்ந்து ஒரு தாளை நீட்டினார், ராஜினாமாவையும் நீங்களே எழுதுங்கள் என்று. பேனாவைத் திறந்தேன். எதிரியின் பேர் எழுதுகிற இடம் வந்ததும் நிறுத்தி அவரைப் பார்த்தேன். என் பேரை எழுதட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் சார், உடுங்க," என்றார் கொளஞ்சி. "எதிரி தானா வந்து ஒத்துக்கிட்டாரு, வழக்கு இல்லன்னு எழுதுங்க. சாமிக்குத் தெரியும் யாருன்னு."